கனசாவாவின் சந்தையும் சோலையும்

யப்பானுக்குச் செல்வோர் பெரும்பாலும் தோக்கியோவையும் கியோத்தோவையும் கண்டு மீள்வர். யப்பான் கடலை அடுத்துள்ள கனசாவா நகரும் காணத்தக்கதே. 2015ஆம் ஆண்டு முதல் தோக்கியோவிலிருந்து அதிவேகப் புகையிரதம் இந்நகர்க்கு ஓடுகின்றது. பயணம் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம்.

நகரின் நடுவே ஓமிச்சோச் சந்தை உளது. ஏறக்குறைய 300 ஆண்டுப் பழைமையுடையது அது. கூரையிட்ட ஒடுங்கிய தெருக்களின் இருமருங்கும் மீனும் இறாலும் பனிக்கட்டியின்மேல் நிரைநிரையாகக் கிடக்கும். நான் சென்றது கார்த்திகை மாதம். நண்டு பிடிக்குங் காலம். செந்நிற நண்டுகளைச் சூழ்ந்து மக்கள் மொய்த்து நின்றனர்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கென்ரோக்குயென் சோலையை அடையலாம். மயேதா குலத்துச் சிற்றரசர் தலைமுறை தலைமுறையாக வளர்த்த சோலை இது. 'ஆறு சிறப்புக்களும் ஒருங்கமைந்த சோலை' என்பது அப்பெயரின் பொருள். விரிவு, தனிமை, மனிதர் கைவண்ணம், தொன்மை, நீர்வளம், தொலைக்காட்சி என்பனவே அவ்வாறும். இப்பகுதியிற் பொழியும் பனி ஈரமும் கனமும் உடையது, மரக்கிளைகளை முறித்துவிடும். ஆதலால் பனி பெய்யுமுன்னரே மரத்தருகே நெடிய கம்பம் நாட்டி, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் வைக்கோற் கயிறு கட்டுகின்றனர். விரித்த குடையின் கம்பிகள்போல அக்கயிறுகள் தோன்றுகின்றன. அழகுக்காக அன்று, காப்புக்காகவே கட்டியவை அவை. ஆயினும் அழகும் கூடவே வந்து பொருந்திவிட்டது.

கனசாவாவின் வடக்கே நோத்தோத் தீபகற்பத்தில் வாஜிமா என்னும் ஊர் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரபுடையதெனப் போற்றப்படுவது அவ்வூர்க் காலைச் சந்தை. அங்கு விற்போரிற் பெரும்பாலார் பெண்கள். 2024ஆம் ஆண்டு தை முதலாந் திகதி 7.6 அளவினதான நிலநடுக்கம் நிகழ்ந்தது. தொடர்ந்து எழுந்த தீயில் அச்சந்தைத் தெருவும் சுற்றுப்புறமுமாக இருநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து சாம்பராயின.

தெரு அழிந்தது, சந்தை அழியவில்லை. மூன்றாம் மாதம் முடியுமுன்னரே வாஜிமா வணிகர் கனசாவாவின் கனைவாத் துறைமுகத்தில் ஒன்றுகூடித் தம் சந்தையை நடாத்தினர். பின்னர்த் தம் ஊரிலேயே ஒரு கடைத்தொகுதியினுள்ளும் விற்கத் தொடங்கினர்.

சந்தை என்பது கூரையும் சுவரும் அன்று. விடியலில் எழுந்து வந்து பொருள் பரப்பும் மாந்தரும், அவரைத் தேடி வரும் மாந்தருமே சந்தை. அம்மாந்தர் சிதறிவிடாதபடி அடுத்த ஊர் இடங்கொடுத்ததும், கனத்த பனியிற் கிளை முறியாதபடி கட்டிய கயிறு போன்றதே. யப்பான் செல்லும் எம்மவர் ஒரு நாளேனும் இந்நகரில் தங்குவாராக.