றொசல்ல மலைச்சாரலிலே

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்தபின் வேகம் தணிந்து, வளைந்து வளைந்து மலையேறுகின்றது. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெறும் வட்டவளையைத் தாண்டி, ஹட்டனை அடையுமுன் ஒரு சிறு நிலையம் வருகின்றது. அதுவே றொசல்ல. பிரயாணிகளுட் பலர் அதன் பெயர்ப்பலகையைக் கவனியாமலே சென்றுவிடுவர்.

சென்ற விடுமுறையில் நாம் அங்கு இறங்கியபோது மழை ஓய்ந்திருந்தது. பனிப்புகார் மலைமுகட்டிலே தங்கிநிற்க, எதிர்ச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். சரிவின் அடியில் லயன் வரிசைகள். அவற்றுக்கு அப்பால் மாரியம்மன் கோயில். மலையகத்தில் இக்கோயில் இல்லாத தோட்டம் அரிது. அம்மை நோயைத் தணிப்பவள் எனத் தமிழகத்துக் கிராமங்களில் வணங்கப்பட்ட தெய்வத்தை, கடல் கடந்து வேலைக்கு வந்தவர்கள் தம்முடன் அழைத்துவந்தார்கள். அயல்நாட்டில் திடீரெனப் பிணி வந்தால் யார் துணை என்ற அச்சம் அவர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை அக்கோயில்களே உணர்த்துகின்றன.

அவ்வச்சம் காரணமற்றதன்று. 19-ஆம் நூற்றாண்டில் பாம்பன், தொண்டி முதலிய துறைகளிலிருந்து தோணியேறியோர் மன்னார்ப் பக்கத்தில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியிலே பலரைக் கொண்டுபோயின. நடக்க முடியாதவனுக்காகக் கூட்டம் நெடுநேரம் காத்துநிற்க இயலாது. புகையிரதப் பாதை 1874-இல் நாவலப்பிட்டியையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை 1914-இல் தொடங்கியது. அதன்பின் வழிப்பயணத்தின் கொடுமை பெரிதும் குறைந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு என்றொரு முறை வந்தது. வரும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தோட்டத்தின் இலக்கம் பொறித்த ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. அதைக் கண்டால் அவன் எத்தோட்டத்துக்கு உரியவன் என்பது விளங்கும். அவன் பெயரோ, ஊரோ, அவனுக்குற்ற நோயோ விளங்காது. அவனைக் கொண்டுசேர்க்க வேண்டிய முகவரி மட்டுமே அதில் இருந்தது.

தோட்டங்களுக்கு வைத்திய வசதி அளிப்பதற்கென முதலாவது சட்டம் 1872-இல் இயற்றப்பட்டது. அது 1880-இலும் 1912-இலும் புதுப்பிக்கப்பட்டது. நோயுற்றோரை அறிந்து உடனே உதவுவதும், கடும் நோயாயின் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைப்பதும் துரையின் கடமை என ஆயிற்று. டிஸ்பென்சரிகளும் மாவட்ட ஆசுப்பத்திரிகளும் பெருகின. ஆயினும் ஆசுப்பத்திரி ஒன்றிருத்தல் வேறு. நோயாளி அதனை உரிய வேளையில் அடைதல் வேறு. லயத்திலிருந்து பெருவீதிக்கு நோயாளியைக் கம்பளியில் கட்டிச் சுமந்துவந்த கதைகளை மலையகத்தில் எந்த முதியவரும் சொல்வர். கொழுந்து லொறியே அம்புலன்ஸ் வண்டியாக இருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை.

இன்று நிலைமை ஓரளவு திருந்தியிருக்கின்றது. இந்திய உதவியுடன் 2016-இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, இப்போது ஒன்பது மாகாணங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றது. ஹட்டனுக்கு அப்பால் டிக்கோயா கிளங்கன் ஆசுப்பத்திரியில், இந்திய உதவியாற் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் 2017-இல் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும், மலையில் கொழுந்து பறிப்போரைக் குளவிகள் கலைந்து கொட்டும்போது, தோட்டத்துக் கரடுமுரடான பாதை இன்னும் உயிரோடு விளையாடத்தான் செய்கின்றது.

இவற்றையெல்லாம் எண்ணியவாறு லயத்துப் பக்கம் நடந்தபோது, திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர் எம்மை அமரச் சொல்லித் தேநீர் தந்தார். நாம் ஆசிரியர் என்றறிந்ததும் தம் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்தவர். ஓரிரவு அவருக்குத் தொப்புளைச் சுற்றி நோவு தொடங்கி, விடிவதற்குள் வலப்பக்க அடிவயிற்றில் இறங்கிவிட்டது. வீட்டார் சாதாரண வயிற்றுவலி என்று எண்ணினர்.

“புள்ளைக்கு நோவு தாங்கலீங்க ஐயா. என்னா நோவுன்னு எடுத்துச் சொல்ல அவங்க பாசை தெரியல. அழுதா யாருக்கு வெளங்கும்?” என்றார் மூதாட்டி.

“பிறகு எப்படித் தெரிந்தது, அம்மா?” என்று கேட்டோம்.

அயல் வீட்டில் வேலைசெய்த தமிழ்ப் பெண் ஒருத்தியை மகள் தொலைபேசியில் அழைத்திருக்கின்றார். அவள் வந்து அரபு மொழியில் விளக்கியபின்பே வீட்டார் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். குடல்வால் அழற்சி, உடனே சத்திரசிகிச்சை வேண்டும். அங்கே கடவுச்சீட்டு விபரம் கேட்டபோது அது மகளின் கையில் இல்லை. செய்தி றொசல்ல லயத்துக்கு வந்தது. பயணத்துக்கு முன் மகன் எடுத்துவைத்த பிரதி ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. அவன் அதிலிருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னான். மகள் பிழைத்தார். மூதாட்டி அப்பிரதியை எடுத்துவந்து எமக்குக் காட்டினார். மடித்த இடங்களில் அது கிழியத் தொடங்கியிருந்தது.

அன்று கடல் கடந்து இம்மலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இம்மலையிலிருந்து கடல் கடந்து செல்கின்றனர். எம்மிடம் பயிலும் மாணவருள்ளும் தாயை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாட்டியிடம் வளர்வோர் உளர். ஆதலின் அக்குடும்பங்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகின்றோம். பிணி வந்தபின் எவரும் கருணை காட்டக்கூடும். ஆனால் அந்நேரத்தில் உதவுவன பெரும்பாலும் முன்னரே செய்துவைத்தவையே.

செல்பவரின் கடவுச்சீட்டு, விசா, காப்புறுதிப் பத்திரம், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் ஒன்றும் அவர் கைப்பேசியில் ஒன்றும் இருத்தல் வேண்டும். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்வோருக்கே அதன் காப்புறுதி உண்டு. அதன் தொலைபேசி இலக்கம் 1989. இரத்த வகை, ஒவ்வாத மருந்து, நாடோறும் உட்கொள்ளும் மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். அம்புலன்ஸ் அழைக்கும் இலக்கத்தையும் மனனஞ் செய்வியுங்கள்: சவூதி அரேபியாவில் 997, ஐக்கிய அரபு இராச்சியத்தில் 998, கட்டாரில் 999, குவைத்தில் 112. அரபு மொழியில் நோவு ‘வஜா’; வைத்தியசாலை ‘முஸ்தஷ்ஃபா’. இவ்விரண்டு சொற்களைக் கற்க ஒரு நாழிகை வேண்டியதில்லை. அங்கு தமிழறிந்த ஒருவருடைய இலக்கமாவது கையில் இருக்கட்டும்.

மாணவர்களே, இவ்வேலைகளிற் பலவற்றை உங்கள் வீட்டில் நீங்களே செய்யலாம். படிவங்களை வாசிக்கவும் ஆங்கிலத்தில் எழுதவும் கற்றவர் பல குடும்பங்களில் நீங்கள் ஒருவரே. அம்மாவோ அக்காவோ அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, சுகம் விசாரித்தபின், அவரது இரத்த வகையையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.