பஸ்ரா தாத்தா

மகாளய அமாவாசை. நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயில் குளக்கரையில் விடிந்ததிலிருந்தே கூட்டம். படிகளில் வாழையிலைகள், இலைகளில் பச்சரிசி, வாழைக்காய், அகத்திக்கீரை, பூசணிக் கீற்று. புரோகிதர் மந்திரத்தை வடமொழியில் சொல்கிறார். அடுத்து யார் என்று தெலுங்கிலும் தமிழிலும் கேட்கிறார்.

எனக்கு இரண்டு படி கீழே ஒரு பெரியவர். எழுபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் பேரன், பள்ளிக்கூடத்துப் பையன். பெரியவரின் மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். உள்ளங்கையில் ஒட்டிய கறுப்பு எள், கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தண்ணீரோடு இறங்குகிறது. அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா மூவருக்கும் விட்டாயிற்று. புரோகிதர் செம்பை நகர்த்தப் போனார்.

"இன்னொருத்தர் இருக்காரு சாமி. எங்க தாத்தாவோட தம்பி. பட்டாளத்துக்குப் போனவரு, பஸ்ராவுலயே போயிட்டாரு."

"பிள்ளைங்க?"

"கல்யாணமே ஆகல. இருபது வயசுன்னு பாட்டி சொல்லும்."

"திதி?"

"யாருக்கும் தெரியாது சாமி."

"அதுக்குத்தானே இந்த அமாவாசை. காருண்ய பித்ருவுல சேர்த்துடலாம். பேரைச் சொல்லுங்க."

பெரியவர் சொன்னார். மேல்படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னார்.

பஸ்ரா, முதல் உலகப் போரில், 1914 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை பிடித்த இராக் ஊர். இன்று ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. மாகாணத்துப் பட்டாளங்களும் அந்த மெசபடோமியாப் போர்முனைக்குக் கப்பலேறின. அங்கே குண்டுக்குப் பலியானவர்களும் உண்டு, காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலியானவர்களும் உண்டு. கல்லறை இல்லாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழே இத்தனை பேர் என்று ஒரு கணக்கு. 1997இல் சதாம் உசேன் ஆட்சி அந்தச் சின்னத்தையே பெயர்த்து, ஊருக்கு வெளியே பாலைவனத்தில் வைத்தது. பெயர் வெட்டுவதில் காட்டிய பாரபட்சத்துக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்க 2021 ஆகிவிட்டது.

மன்னிப்பு மட்டும் போதாது. யாரோ ஒரு சாம்ராஜ்யத்தின் சண்டையில் உயிரை விட்ட இந்தப் பையன்களின் பெயர் ஒவ்வொன்றும் கல்லில் ஏற வேண்டும். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகமாம்பாவின் நினைவாக இந்த நாகலாபுரத்துக்கே பெயர் வைத்தார். 500 ஆண்டாக அது நிலைத்திருக்கிறது. சிப்பாயின் வீட்டாரால் முடிந்தது வருஷத்துக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்வதுதான். நூறு ஆண்டு தாண்டியும் அதை அவர்கள் விடவில்லை. ஆணையம் வைத்த கணக்கைவிட இந்த வீட்டின் ஞாபகம் நேர்மையானது.

பெரியவர் பவித்திரத்தைக் கழற்றிவிட்டுப் பேரனைப் பார்த்தார்.

"டேய், பஸ்ரா தாத்தா பேரு என்ன? சொல்லு."

பையன் பாதி சொல்லி நிறுத்தினான்.

"முழுசா சொல்லுடா. எனக்கப்புறம் நீதான் சொல்லணும்."

பையன் முழுப் பெயரையும் சொன்னான். பெரியவர் அவனை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.