ஜூரா மலையின் கடிகாரத் தொழிலாளர்கள்

ஸ்விட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே நீளும் ஜூரா மலைத்தொடரில் தலைமுறைகளாக வழங்கிவரும் இயந்திரக் கடிகாரக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2020-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அத்தொழிலின் இயல்பை நேரில் காண விரும்புவோர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்த லா ஷோ-த-ஃபோன் நகருக்குச் செல்வது பொருந்தும். ஏனெனில் 1794-இல் தீக்கு இரையான அவ்வூர், பின்னர் கடிகாரத் தொழிலாளரின் கண்ணுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கும்படி, நேர்கோட்டுத் தெருக்களும் வரிசையான நீள்வீடுகளும் நெருங்கிய சன்னல்களுமாக மீண்டும் எழுப்பப்பட்டது. பனிக்கால வெயிலும் பட்டறை மேசையில் விழ வேண்டும் என்னும் தேவை நகர அமைப்பின் விதிகளுள் ஒன்றாயிற்று.

சாவி கொடுத்து ஓடும் கடிகாரப் பொறியின் ஆற்றல், இறுக்கிச் சுற்றப்பட்ட எஃகு வில்சுருளில் அடங்கியிருக்கிறது. அது ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல், பற்சக்கரத் தொடரைப் பல் பல்லாகத் தடுத்தும் விடுத்தும் நகர்த்தும் உறுப்பு எஸ்கேப்மென்ட் எனப்படும். ஆயினும் பொறியின் ஒழுங்கு முழுவதும், இருபுறமும் ஊசலாடும் சமநிலைச் சக்கரத்தையும் அதனுடன் பிணைந்த, மயிர்போல் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கையும் நம்பியிருக்கிறது. மணிக்கு 18,000 அடிப்புகள் கொண்ட பழைய கைக்கடிகாரம் ஒரு நாளில் 4,32,000 முறை அடிக்கிறது. ஹேர் ஸ்பிரிங் சுருளின் வேலை நீளம் சற்றே மாறினாலும் நாளொன்றுக்குப் பல விநாடிகள் கூடும் அல்லது குறையும்.

இச்சுருளை அளந்து வெட்டி, சக்கரத்தோடு பொருத்தி, அடிப்பின் வேகத்தை ஒத்திசைக்கும் வேலை ஜூராவில் பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. ரெக்ளோஸ், அதாவது ஒழுங்குபடுத்துபவர், என்று அழைக்கப்பட்ட அவர்களில் பலர் வீட்டுச் சன்னலோரத்திலேயே பணிபுரிந்தனர். அளவுக்குரிய மாதிரிச் சக்கரத்தை அருகே ஆடவிட்டு, இரண்டும் ஒன்றாக அசையும் புள்ளி கிடைக்கும்வரை சுருளை இடுக்கியால் சிறிது சிறிதாக நகர்த்திப் பிடித்து, கண்டடைந்த இடத்தில் அதனைப் பொருத்துவர். சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமலும், சமதளத்தில் மையம் பிசகாமலும் விரிந்து சுருங்க வேண்டும். இப்பயிற்சி விரலிலும் கண்ணிலும் ஊறிய பிறகே வேலை கைகூடும்.

இத்தகைய திறனுக்கு உரிய மதிப்பு அதனைச் செய்தவரிடம் சேரவில்லை என்பதே இத்தொழிலின் வேதனை. எதாப்லிசர் என்னும் இடைத்தரகர்-முதலாளி, உறுப்புகளை வெவ்வேறு வீடுகளில் செய்வித்து, ஒன்றுசேர்த்து, முகப்பில் தம் பெயரையோ வாங்குபவர் பெயரையோ பொறித்து விற்றார். வீட்டு வாடகை, விளக்குக்கான எண்ணெய், கண்பார்வையின் தேய்மானம் ஆகியவை தொழிலாளரின் கணக்கில் விழுந்தன. லா ஷோ-த-ஃபோனையே ஒரு பெரும் கடிகாரத் தொழிலகமாக எடுத்துக்காட்டிய கார்ல் மார்க்ஸ், வீட்டிலிருந்து வேலை செய்யும் இந்தத் துண்டுத் தொழிலாளி, தன் பொருளைத் தானே விற்கும் கைவினைஞரின் நிலையில் இல்லை என்பதை ‘மூலதனம்’ நூலில் சுட்டிக்காட்டினார். கூலி துண்டுக்கு, இலாபம் முழுக் கடிகாரத்துக்கு என்று பிரிந்த ஓர் ஏற்பாட்டில் செய்தவர் பெயர் முகப்பில் ஏற வழியே இல்லை. ஆனால் வீட்டோடு இணைந்த அதே சிறு பட்டறைகளின் அமைதிதான் உரையாடலுக்கும் வாசிப்புக்கும் இடமளித்தது. 1872-இல் ஜூராவின் கடிகாரத் தொழிலாளரிடையே தங்கிய ரஷ்யச் சிந்தனையாளர் பீட்டர் கிரபோட்கின், அவர்களின் சுதந்திரச் சிந்தனையே தம்மை அரசின்மைக் கொள்கைக்கு அழைத்துச் சென்றது என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

1970-களில் குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் மின்கடிகாரம் பரவியபோது ஸ்விஸ் கடிகாரத் துறையின் வேலைவாய்ப்பு ஏறத்தாழ 90,000-இலிருந்து 1980-களின் நடுப்பகுதியில் 30,000 அளவுக்கு வீழ்ந்தது. பின்னர் விலையுயர்ந்த இயந்திரக் கடிகாரத்துக்குத் தேவை மீண்டும் எழுந்தது. ஆனால் புதிய சுருள்களில் மிகப்பெரும் பகுதி ஆலைகளிலேயே உருவாகிறது. கையால் ஒழுங்குபடுத்தும் திறன் இன்று பெரிதும் பழைய கடிகாரங்களைச் சீரமைக்கும் பட்டறைகளில்தான் உயிரோடு இருக்கிறது. அங்கு ஒரு சுருள் வளைந்துபோனால் மாற்று உறுப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே அதனை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, மையத்திலிருந்து தொடங்கி வெளிச்சுற்று வரை, ஒவ்வொரு சுற்றாக நேராக்குகின்றனர்.