நீர்க்கட்டு

பௌர்ணமி நெருங்குவதை எங்கள் ஊரில் பஞ்சாங்கம் பார்த்து அறிவோர் உண்டு. பிறைக் கணக்கு வைத்திருக்கும் நமக்கும் பதினான்காம் இரவு தெரியாததன்று. எனக்கோ எங்கள் வீட்டுக் கடுவன் பூனையே அதை அறிவித்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நோக்கி இரவெல்லாம் மக்கள் வெள்ளம் செல்லும், பேருந்துகள் அலறும். பூனை கட்டிலடியில் ஒடுங்கும். மறுநாள் மண்தொட்டியில் அமர்வதும் எழுவதுமாக இருக்கும். வருவதோ இரண்டு சொட்டு, சிலவேளை செந்நிறம்.

ஒருநாள் முசல்லாவின் மீதே நீர் பெய்துவிட்டது. நஜீஸ் அல்லவா? "சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடு" என்றார் அக்கா. கால்நடை மருத்துவரோ, "இது குறும்பன்று, நோய்" என்றார்.

பூனையின் மூதாதை பாலைநிலத்துக் காட்டுப் பூனை. தாகம் குறைவு, இரையின் உடலிலுள்ள நீரே அதற்குப் பெரும்பாலும் போதும். எலியின் உடலில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். கடையில் விற்கும் உலர் தீனியிலோ 10 விழுக்காடு அளவே. சிறுநீர் கெட்டிப்பட்டால் உப்புப் படிகங்கள் தோன்ற இடமாகிறது. ஆனால், இளம் பூனைகள் பலவற்றில் கல்லும் இருப்பதில்லை, கிருமியும் இருப்பதில்லை. அச்சமும் மனக்கலக்கமுமே சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கத் துணைபோகின்றன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் இத்தகைய 46 பூனைகளின் வீட்டுச் சூழலை மாற்றியமைத்து, நோய்க்குறிகள் குறைந்ததை 2006இல் வெளியிட்டனர்.

இரண்டாம் முறை ஒரு சொட்டும் வரவில்லை. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடக்கூடும். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னார் அண்டை வீட்டார். நல்ல மனிதர்தான், எனினும் காத்திருக்க நேரமில்லை. வலிக்காகப் பாரசிட்டமால் கொடுப்போரும் உளர். பூனைக்கு அது கொடிய நஞ்சு. மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார்.

அதன்பின் வீட்டின் நடைமுறையே மாறியது. உலர் தீனியைப் படிப்படியாகக் குறைத்தோம். உப்பிடாமல் வேகவைத்த மீனை, அதன் நீரோடு, மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தோம். ஒரே பூனைக்கு இரண்டு மண்தொட்டிகள் வைத்தோம். தண்ணீர்ச் சட்டிகளை மூலைக்கொன்றாக வைத்தும் அது தேடிச் சென்றதென்னவோ ஒளுப் பாத்திரத்தைத்தான்! அபூகத்தாதா (ரலி) அவர்கள் தம் ஒளு நீரைப் பூனை பருகுவதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி ஹதீஸில் உண்டு. அதை நினைவூட்டியவர் அக்காவேதாம். இன்று ஒளு செய்யும் இடத்தருகே பூனைக்கென்றே ஒரு மண்சட்டி இருக்கிறது.

தீபத் திருவிழாவுக்கு இரு நாள் முன்பே பின்னறையின் சன்னல்களைச் சாத்தி, அதன் பழைய துணியை விரித்துவிடுகிறோம். நோய் முற்றிலும் நீங்கவில்லை. சென்ற கோடையிலும் ஒருமுறை எட்டிப் பார்த்தது.

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் மண்தொட்டிகளைக் கிளறி ஈரத் திட்டுகளை எண்ணுவது இப்போது அக்காவின் வேலை. இரண்டு மூன்று தென்பட்டால் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவார். ஒன்றுமில்லையென்றால் என்னைக் கூப்பிடுவார்.