லாரிகளை எண்ணிய தாய்மார்கள்

லாங் பீச், கலிஃபோர்னியா

அன்புத் தங்கைக்கு,

மருமகனின் இழுப்புக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் பம்பை உன் மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று போனில் சொல்லி அழுதாய். "சின்ன வயசுலயே இதப் பழக்கிட்டா ஆயுசுக்கும் விடாது" என்கிறாராம். அவர்மேல் கோபப்படாதே. நம் பக்கத்தில் இழுப்பு வந்த பிள்ளையை ராத்திரி முழுக்க மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்த தலைமுறை அவர்களுடையது. பயம் அவர்களுக்குச் சும்மா வரவில்லை. நான் இருக்கும் இந்த ஊரில் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய பாட்டிமார்களுக்கும் இதே பயம் உண்டு.

இழுப்பு வரும்போது மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, மிச்சமிருக்கும் வழியையும் சளி அடைக்கிறது. சால்புட்டமால் பம்ப், பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது, தசையை மட்டும் தளர்த்தும். சில நிமிடத்தில் மூச்சு வரும். சில மணி நேரத்தில் மருந்தின் வேலை முடிந்துவிடும். வீக்கம் அங்கேயே இருக்கும். அதைத் தணிப்பதற்குத்தான் புடெசொனைடு போன்ற மருந்துள்ள இன்னொரு பம்பைத் தினமும் போடச் சொல்கிறார்கள். பிள்ளை நன்றாக ஓடியாடும் நாளிலும் அதை நிறுத்தக்கூடாது. போட்டதும் வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும். மாமியாரிடம் இந்தக் கணக்கையும் சொல்: சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து, பம்பை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நெஞ்சுக்குப் போகிறது. மாத்திரை அளவுக்கு உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைப்பதில்லை.

பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழல் இல்லாமல் சின்னப் பிள்ளைக்குப் பம்ப் போட்டால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். கடையில் ஸ்பேசர் கிடைக்காவிட்டால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் கச்சிதமாகப் பொருந்தும்படி துளைபோட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் சார் இதைச் சோதித்து, விலைக்கு வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார். டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்.

இதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது எந்த டாக்டருக்கும் அதற்கு நேரமிருப்பதில்லை. சீட்டை எழுதுவதோடு டாக்டர் வேலை முடிகிறது. பம்பைப் பிள்ளை வாயில் வைப்பது வரைக்குமான தூரம் முழுவதும் தாய் தலையில் விழுகிறது. அந்தத் தூரத்தை இந்த ஊர் எப்படிப் பங்குபோட்டுக்கொண்டது என்று உனக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

லாங் பீச் துறைமுக ஊர். பக்கத்து லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தையும் சேர்த்தால் அமெரிக்காவிலேயே அதிகக் கன்டெய்னர் இறங்கும் இடம் இது. இறங்கிய சரக்கில் நிறைய டீசல் லாரிகளில் 710ஆம் எண் நெடுஞ்சாலை வழியே போகிறது. அந்தச் சாலையை ஒட்டித்தான் ஏழைகளின் வீடுகளும் பள்ளிக்கூடங்களும். 1999இல் இங்குள்ள மில்லர் குழந்தைகள் மருத்துவமனையை மையமாக வைத்து ஒரு கூட்டமைப்பு உருவானது. குழந்தை மருத்துவர் எலிசா நிக்கோலஸ் அதை முன்நின்று நடத்தினார். மருத்துவமனை, சின்ன கிளினிக்குகள், பள்ளி நர்ஸுகள், தெருக்களின் தாய்மார்கள் என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

அவர்கள் செய்த முதல் நல்ல காரியம், அதே தெருக்களில் வாழும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. அந்தப் பெண்கள் குற்றம் கண்டுபிடிக்கப் போகவில்லை. சொந்தக்காரியைப் போல வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினார்கள். சுவரில் ஈரப்பூஞ்சை எங்கே, கரப்பான் எங்கிருந்து வருகிறது, தரை துடைக்கும் மருந்தின் நெடி பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கூடவே பார்த்தார்கள். பம்ப் போடும் விதத்தைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். வீட்டுக்குள் எவ்வளவு துடைத்தாலும் ஜன்னலுக்கு வெளியே லாரி போய்க்கொண்டிருக்கிறதே என்று தாய்மார்கள் கேட்டார்கள். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அவர்களுக்கு அளக்கும் கருவிகளைக் கொடுத்தார்கள். தாய்மார்கள் சாலை முனைகளில் நின்று லாரிகளை எண்ணினார்கள், புகைத் துகளை அளந்தார்கள், அந்த எண்களோடு துறைமுகக் கூட்டங்களில் போய்ப் பேசினார்கள். பல அமைப்புகள் பல ஆண்டுகள் கொடுத்த அழுத்தத்தில் இவர்களுடைய குரலும் ஒன்று. 2006இல் இரண்டு துறைமுகங்களும் காற்றைச் சுத்தப்படுத்தும் திட்டத்தை ஏற்றன. 2008 அக்டோபர் 1 முதல், 1989க்கு முந்தைய லாரிகள் துறைமுகத்துக்குள் வரக்கூடாது என்றானது.

பலன் கிடைத்ததா என்று கேட்பாய். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார், லாங் பீச் உட்பட ஐந்து ஊர்களில் வெவ்வேறு காலத்தில் வளர்ந்த 2,120 பிள்ளைகளின் நுரையீரலை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். காற்று கெட்டுக்கிடந்த தொண்ணூறுகளில் 15 வயதில் நுரையீரல் பலம் மிகக் குறைந்திருந்தவர்கள் நூற்றுக்கு 7.9 பேர். காற்று தெளிந்தபின் வளர்ந்தவர்களில் 3.6 பேர். லாரி விதி மட்டுமல்ல, மாநிலம் முழுக்க வந்த சட்டங்களும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனாலும் இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

லாங் பீச் தனித்தும் நிற்கவில்லை. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை பண உதவியோடு இப்படி ஏழு ஊர்க் கூட்டமைப்புகள் இயங்கின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோரீன் கிளார்க் அவற்றை வழிநடத்தினார். 2010இல் வந்த அவர்களுடைய மதிப்பீட்டில், பிள்ளைகளுக்குத் தொந்தரவு குறைந்தது என்பதோடு, பெற்றோரின் பயமும் கையறு நிலையும் குறைந்தன என்றும் எழுதியிருந்தார்கள். தாயின் பயத்தையும் ஒரு அளவாக எடுத்துக்கொண்ட மருத்துவ ஆய்வு அது. அதற்காகவே அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் எட்டில் ஒருவர்தான் இந்தியாவில். ஆஸ்துமாவால் சாகிறவர்களில் பத்தில் நான்கு பேர் நம்மவர்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கு இது. மருந்து இல்லாத நோயல்ல. மருந்து பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை.

நம் ஊரான பெண்ணாடத்தில் துறைமுகம் இல்லை. ஆனால் குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போடுகிறோம். ராத்திரி கதவைச் சாத்திக் கொசுவர்த்தி கொளுத்துகிறோம். கரும்பு வெட்டு முடிந்தால் சோகையைக் கொளுத்துகிறார்கள். போகிக்குப் பழைய டயர் எரிகிறது. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் அப்பாக்கள் மண் தூசியோடு வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றுமுன்னே பிள்ளையைத் தூக்குகிறார்கள். ஆசைதான், வேறென்ன? சின்னப் பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்புவது பெரும்பாலும் சாதாரணச் சளிக்காய்ச்சல்தான்; வீங்கத் தயாராக இருக்கும் மூச்சுக்குழாயைப் புகையும் தூசியும் மேலும் வதைக்கின்றன. சாம்பிராணியை விடுவது உன் கையில் இருக்கிறது. சோகை நெருப்பும் பட்டறைத் தூசியும் உன் ஒருத்தியால் தீராது. அங்கேதான் ஊர் வேண்டும்.

அதற்கு வேண்டிய ஆட்கள் எல்லோரும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். அங்கன்வாடி அக்கா எந்தப் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கிறது என்று வாய்ப்பாடாகச் சொல்வார். கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், மகளிர் குழுப் பெண்களே பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். லாங் பீச் பெண்கள் செய்த வேலைக்கு நம்மிடம் இதைவிட நெருக்கமான ஏற்பாடு வேறில்லை. அந்தப் பெண்களின் பையில் ஒரு ஸ்பேசரையும், அதைச் சொல்லிக்கொடுக்க அரைநாள் பயிற்சியையும் சேர்த்தால் போதும். அரசு இதைச் செய்ய வேண்டும். செய்யும்படி நாம் கேட்க வேண்டும்.

நீ தொடங்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழுவில். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து இதைக் கேள்: இழுப்பு உள்ள பிள்ளைகளின் பட்டியல் பள்ளியில் இருக்கிறதா, ஒரு நீலப் பம்பும் ஸ்பேசரும் தலைமையாசிரியர் மேசையில் இருக்குமா, விலா ஒட்டி மூச்சு வாங்கினாலோ, பேச்சு திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108ஐக் கூப்பிட வேண்டும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியுமா? தனியாகப் போகாதே. இழுப்புள்ள பிள்ளையின் தாய் இன்னும் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போ. மாமியாரையும் அழைத்துப் போ. அவர் பேசினால் ஊர் கேட்கும்.

அன்புடன்,
அண்ணன்