குழம்புக் கூட்டு

எங்கள் அம்மாக்கள் கூட்டு பிடிப்பார்கள். பத்துப் பேர், மாதம் ஆளுக்கு நூறு ரிங்கிட், ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். இதைத் தொழிலாக நடத்தக்கூடாது என்று மலேசியாவில் 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் என் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது. யாருக்கு அவசரமோ அவர்களுக்கு முதல் மாதம். எழுதி வைக்காத விதி அது.

நாங்கள் நாலு பேர் நடத்துவது குழம்புக் கூட்டு. நிபோங் தெபாலில் ஒன்றாகப் படித்தோம். இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வந்தால் அடுப்பைப் பார்க்கவே பிடிக்காது. தினமும் மாமாக்கில் தப்பாவ் பண்ணினால் காசும் போகும், வயிறும் கெடும். அதனால் மாதம் இரண்டு ஞாயிறு, ஆளுக்கு ஒரு கறி, பன்னிரண்டு டப்பா. மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு போட்டால், நாலு வகைக் கறியோடு ப்ரீசர் நிறைந்துவிடும்.

எது உறையும், எது உறையாது என்பது தனிப் படிப்பு. கோழிப் பெரட்டல், பருப்பு, சாம்பார் எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள். உருளைக்கிழங்கு மணல் மணலாகப் போகும். அவித்த முட்டை ரப்பர். தேங்காய்ப் பால் திரிந்து நிற்கும், அதைச் சூடு பண்ணும்போது ஊற்றுவதுதான் புத்தி. மூடிமேல் மாஸ்கிங் டேப்பில் தேதி எழுத வேண்டும், பழசு முதலில் வெளியே போக வேண்டும். தொழிற்சாலை ஸ்டோரில் படித்த பாடம் வீட்டில் உதவியது இந்த ஒன்றில்தான்.

போன வருடம் புக்கிட் மெர்தாஜாம் தோழியின் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இனிப்புநீர்தான் காரணம். நம் வீடுகளில் அதற்குப் பெயரே ‘லேசா சுகர் இருக்கு’.

எங்கள் கறியெல்லாம் ஒரே நாளில் தப்பாகிப் போனது. தக்காளி, புளி, கீரை, தேங்காய்ப் பால் எல்லாவற்றிலும் பொட்டாசியம். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், தண்ணீருக்கோ அளவு உண்டு. காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சத்து போகுதே என்று அம்மா பதறினார். அந்தச் சத்துதான் இங்கே ஆகாது. கோழியும் மீனும் அளவோடு சாப்பிடலாம், டயாலிசிஸில் புரதம் கரைந்து போவதால் சாப்பிடவும் வேண்டும். சோம்பு, மிளகு, பூண்டை வைத்துச் சமாளித்தோம்.

“என்னப்பா இது, குழம்பா கசாயமா?” என்றார் அங்கிள், முதல் டப்பாவுக்கு. இருபது வருடம் லாரி ஓட்டி, ஊர் ஊராகச் சாப்பிட்ட நாக்கு.

தோழியால் இரண்டு மாதம் சமைக்க முடியவில்லை. ஷிஃப்ட், பாலம், டயாலிசிஸ் மையம், மறுபடி பாலம். மூன்றாவது மாதம் வாட்சப்பில் எழுதினாள்: “நான் வெளிய வந்துடறேன். எடுத்துக்கிட்டே இருக்கேன், எப்பத் திருப்பிக் கட்டுவேன்னு தெரியல.”

நானும் இன்னொருத்தியும் பரவாயில்லை, கவலைப்படாதே என்று ஏதேதோ எழுதினோம். ஈப்போக்காரன் மட்டும், “முதல் மாசம் எடுத்தவங்க கூட்ட விட்டு ஓடக்கூடாது. பத்து வருசம் ஆனாலும் கட்டணும். டப்பாவ மட்டும் கழுவி அனுப்பு” என்று எழுதினான். படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவள் சிரித்துக் குரல் அனுப்பினாள். எங்கள் பரிதாபத்தைவிட அந்தக் கடன் அவளுக்கு மரியாதையாக இருந்திருக்கிறது. கட்டுவாய் என்று ஒருவன் நம்புகிறானே.

டப்பாக்கள் கழுவி வந்தன, ஆனால் காலியாக வரவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது வழக்கம்தானே. முதலில் கறிவேப்பிலை வந்தது. அப்புறம் ஒருநாள், பன்னிரண்டு டப்பாவிலும் உரித்த சின்ன வெங்காயம்! பன்னிரண்டு டப்பாவுக்குச் சமைத்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும். அங்கிள் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் டிவி முன்னால் உட்கார்ந்து உரிக்கிறாராம். எனக்கு வந்த மூடியில் மாஸ்கிங் டேப், அதில் தேதி, கீழே நடுங்கும் எழுத்தில்: ‘அடுத்த தடவை மிளகு கொஞ்சம் தூக்கலா.’