வட்டத்துள் ஒரு வாழ்த்து

தண்டியலங்காரம் கூறும் சக்கரபந்தத்தை வகுப்பில் விளக்குங்கால் மாணவியர் முகத்தில் அயர்ச்சியே தோன்றும். பெருநாள் வாழ்த்து மடல் செய்யக் கணிப்பொறிமுன் அமர்ந்தபோதோ அவ்வட்டமே அவர்க்கு உயிர்பெற்றது. வேர்டு செயலியின் வேர்டுஆர்ட்டில் எழுத்துகளை வட்டப்பாதையில் ஓடவிட்டு, சட்டத்தின் நீள அகலங்களைச் சமமாக்க வேண்டும். இன்றேல் வட்டம் முட்டையாகிவிடும். விட்டம் 7 செ.மீ. எனில் சுற்றளவு ஏறத்தாழ 22 செ.மீ.; வாழ்த்து அதற்குள் அடங்கவேண்டும். பழம்புலவரும் இவ்வாறுதானே எழுத்தெண்ணிப் பாடினர்!

வளைகுடாவில் உழைக்கும் தந்தைக்கு மடல் செய்தாள் ஒருத்தி. 'வாப்பா' என்னும் சொல் வட்டத்தின் அடியில் தலைகீழாய் விழுந்தது. அவள் முகம் வாடிற்று. எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றனர் தோழியர், அவள் உடன்படவில்லை. தமிழில் சொற்கள் இடம் மாறினும் பொருள் பிறழாதன்றோ? வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான்காம் முறை வாப்பா உச்சிக்கு ஏறினார்.